கிரிப்டோ வாலட்: பணம் போடுமுன் ஒருமுறை அழித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரிப்டோ பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டே வகை. பிட்காயின் விலை ஏறியது, இறங்கியது என்பது ஒன்று. இன்னார் இத்தனை லட்சம் ஏமாந்தார் என்பது மற்றது. வாங்கிய நாணயத்தை எங்கே வைப்பது, சாவி யார் கையில் இருக்கிறது, போன் தொலைந்தால் என்ன செய்வது என்று எழுதுவோர் குறைவு. காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் கணினி வேலை பார்க்கும் இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு ஆம்பூர், வாணியம்பாடி வந்து போகிறவர்கள் எனப் பலரது போனில் இன்று ஒரு வாலட் செயலி இருக்கிறது. கூகுள் பே போல அதுவும் ஒரு செயலி என்று நினைத்துப் பயன்படுத்துகிறார்கள். பணம் போவது அந்த நினைப்பால்தான். கிரிப்டோ வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ சொல்ல இதை எழுதவில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் கைப்பொருளை இழக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். நாணயம் போனுக்குள் இல்லை. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அந்த முகவரியிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் சாவி மட்டும்தான் வாலட்டில் இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில், அதாவது கிரிப்டோ வாங்கி விற்க உதவும் நிறுவனத்தில், கணக்குத் தொடங்கி நாணயத்தை அங்கேயே விட்டு வைத்தால் சாவி அவர்களிடம் இருக்கும். நம்மிடம் இருப்பது வெறும் பாஸ்வேர்டு. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. வாடிக்கையாளர்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கள் நாணயத்தைத் தொட முடியாமல் காத்திருந்தார்கள். அதையொட்டிய வழக்கு ஒன்றில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்து என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் சொத்து என்று நிலைநாட்ட நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

சாவியை நாமே வைத்துக்கொள்வதுதான் மென்பொருள் வாலட். எந்த எக்ஸ்சேஞ்சும் அதை முடக்க முடியாது. தவறு செய்தால் யாரும் திருப்பித் தரவும் முடியாது. யூபிஐ பின் மறந்தால் வங்கிக் கணக்கை வைத்து மாற்றிக்கொள்ளலாம். இங்கே வங்கியும் இல்லை, மேலாளரும் இல்லை. அதனால் சில்லறைக் கையிருப்பு அளவுக்கு மட்டும் போன் வாலட்டில் வைப்பதே சரி. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாங் பஜார் கூட்டத்தில் எவ்வளவு பணத்தோடு நடப்பீர்களோ, அந்த அளவு. அதற்கு மேல் போனால் சாவியைப் போனுக்கு வெளியே வைத்திருக்கும் லெட்ஜர், டிரெசர் போன்ற தனிக் கருவிதான் வழி. அதையும் தயாரிப்பாளரிடமே நேரடியாக வாங்க வேண்டும். பெட்டி பிரித்த கருவியோ, சாவியை மீட்கும் சொற்கள் முன்கூட்டியே எழுதப்பட்ட அட்டையோ வந்தால் தொடவே கூடாது.

எந்த வாலட் என்று கேட்பவர்களிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, எந்த நாணயம் என்பதை. பிட்காயின் மட்டும் என்றால் போனில் புளூவாலட், கணினியில் எலக்ட்ரம் போதும். எலக்ட்ரம் 2011லிருந்து இருக்கிறது. எத்தீரியமும் அதன் மேல் ஓடும் டோக்கன்களும் என்றால் மெட்டாமாஸ்க். சோலானா என்றால் ஃபேண்டம். பல நாணயங்களை ஒரே இடத்தில் வைக்க டிரஸ்ட் வாலட், எக்ஸோடஸ் போன்றவற்றைப் பலரும் எடுக்கிறார்கள். இவற்றில் எக்ஸோடஸின் நிரல் முழுவதும் திறந்த நிரல் இல்லை. வெளியார் வரிவரியாகப் பார்த்துச் சொல்ல வழியில்லை. எங்கள் கணிப்பில், இருபது நாணயம் தாங்கும் வாலட்டை விட உங்களிடம் இருக்கும் ஒன்றிரண்டை நன்றாகத் தாங்கும் வாலட் மேல். வசதி கூடக்கூட உள்ளே நுழையும் கதவுகளும் கூடுகின்றன.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. கட்டணத்தை நாமே கூட்டிக் குறைக்க முடிகிறதா? வழக்கமான 12 அல்லது 24 சொல் முறையில் சாவியைக் காகிதத்துக்கு எடுக்க முடிகிறதா? சாவி இல்லாமல் இருப்பை மட்டும் பார்க்கும் வசதி இருக்கிறதா? இந்தக் கடைசி வசதி பலருக்குத் தெரியாது. புளூவாலட்டிலும் எலக்ட்ரத்திலும் பொதுச் சாவியை (முகவரிகளைக் காட்டும், செலவழிக்க உதவாத சாவி) மட்டும் ஏற்றி, அன்றாடம் கையில் இருக்கும் போனில் இருப்பைப் பார்க்கலாம், பணம் வாங்க முகவரியும் எடுக்கலாம். அனுப்ப மட்டும் முடியாது. அனுப்பும் சாவி வீட்டில் இருக்கும் இன்னொரு போனில் இருக்கும். போனைப் பேருந்தில் தொலைத்தாலும் நாணயம் போகாது.

செயலியைத் தேடி இறக்கும் இடத்திலேயே முதல் குழி இருக்கிறது. பெயரைத் தட்டித் தேடினால் மேலே விளம்பரமாகப் போலிகள் வரும். வாலட்டின் அதிகாரபூர்வ இணையதளத்துக்குப் போய், அங்கே உள்ள இணைப்பு வழியாகவே பிளே ஸ்டோருக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வந்த கோப்பை நிறுவவே கூடாது. செயலிக்குள்ளேயே “புதிய பதிப்பு வந்துவிட்டது, இங்கே தொடுங்கள்” என்று செய்தி வந்தாலும் அதைத் தொட வேண்டாம். 2018 டிசம்பரில் எலக்ட்ரம் பயனாளர்களுக்கு இப்படித்தான் நடந்தது. தீயவர்கள் நடத்திய சர்வர்கள் வாலட்டுக்குள்ளேயே போலிச் செய்தியைக் காட்டின. நம்பிப் புதிய பதிப்பை இறக்கியவர்களின் பிட்காயின் காலியானது.

இனி முக்கியமான கட்டம். புதிய வாலட் தொடங்கியதும் 12 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுத்தவை அவை. அந்த 12 சொற்களும் அதே வரிசையில் யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். போனில் நாம் போடும் பின் நம்பர் அந்தச் செயலியின் கதவைத்தான் பூட்டுகிறது. சொற்கள் தெரிந்தவர் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டே தன் போனில் உங்கள் வாலட்டைத் திறந்துவிடுவார்.

இந்தச் சொற்களை ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள்தான் அதிகம். படம் தானாக கூகுள் போட்டோஸுக்குப் போய்விடும். 2025 பிப்ரவரியில் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிளே ஸ்டோரிலும் ஆப்பிள் ஸ்டோரிலும் இருந்த சாதாரணச் செயலிகளுக்குள் ஒளிந்திருந்து, போனில் உள்ள படங்களைப் படித்து, இப்படிப்பட்ட சொற்கள் இருக்கின்றனவா என்று தேடி அனுப்பும் நிரல் அது. ஆகவே படம் கூடாது, வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வது கூடாது, மின்னஞ்சல் வரைவு கூடாது. ஜெராக்ஸ் கடையில் நகல் எடுப்பதும் கூடாது. காகிதத்தில் கையால் எழுத வேண்டும்.

எழுதுவதிலும் நம்மூர்க்காரர்கள் செய்யும் ஒரு பிழை உண்டு. ஆங்கில எழுத்து தடுமாறும் என்று சொற்களைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதி வைக்கிறார்கள். தாளில் ‘ரைட்’ என்று இருக்கும். சரி என்ற பொருளில் வரும் ரைட்டா, எழுது என்ற பொருளில் வரும் ரைட்டா? இரண்டுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ‘பேர்’ என்று எழுதியிருந்தால் ஜோடியா, பேரிக்காயா? அவையும் இரண்டும் இருக்கின்றன. இரண்டு ஆண்டு கழித்துப் பார்க்கும்போது எழுதியவருக்கே தெரியாது. பட்டியலில் தமிழ்ச் சொற்கள் கிடையாது. எனவே திரையில் இருக்கும் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, பெரிய எழுத்தில், 1 முதல் 12 வரை எண் போட்டு எழுதுங்கள். எண் போடுவது சடங்குக்காக இல்லை. 12 சொற்களை மாற்றி மாற்றி அடுக்க 47 கோடியே 90 லட்சம் வழிகள் இருக்கின்றன. வரிசை கலைந்தால் கையால் தேடி மீட்க முடியாது.

எந்தத் தாள், எந்தப் பேனா என்பதும் பேச வேண்டிய விஷயமே. ஜெல் பேனா மை ஈரம் பட்டால் கரையும். பால் பாயிண்ட் நல்லது, பென்சிலும் பரவாயில்லை. ஏடிஎம் ரசீது போன்ற வெப்பத்தாளில் அச்செடுத்தால் வேலூர் வெயிலில் பீரோவுக்குள்ளேயே வெளுத்துப் போகும். மரப்பெட்டியில் வைத்தால் கறையான். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு பிரதி வீட்டு இரும்புப் பீரோவிலும் இன்னொரு பிரதி வங்கி லாக்கரிலோ நம்பிக்கையான உடன்பிறந்தார் வீட்டிலோ ஒட்டிய உறையிலும் இருக்கட்டும். ஆறு சொல் இங்கே, ஆறு சொல் அங்கே என்று பிரித்து வைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஏதாவது ஒரு பாதி தொலைந்தாலும் முழுதும் போனதற்குச் சமம் என்பதால் அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

தீயும் நீரும் தாங்க வேண்டுமானால் எவர்சில்வர் தட்டு. சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவார்களே, அதே போன்ற சிறிய மின்கருவியை வாங்கி அல்லது இரவல் பெற்று, நீங்களே வீட்டில் வெட்டுங்கள். பாத்திரக் கடைக்காரரிடம் கொடுத்து வெட்டச் சொல்லக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. முழுச் சொல்லும் வெட்ட வேண்டியதில்லை. அந்த 2,048 சொற்களும் முதல் நான்கு எழுத்திலேயே ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. எனவே 12 எண்களும் அவற்றுக்கு எதிரே நான்கு நான்கு எழுத்துமாக, அதிகபட்சம் 48 எழுத்து வெட்டினால் போதும். மூன்றெழுத்துச் சொல் வந்தால் அப்படியே மூன்றெழுத்து. சிறிய டிபன் பாக்ஸ் மூடியின் உட்புறத்தில் அடங்கிவிடும்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறோம். சொற்களை எழுதியதும் பலரும் நேராகப் பணத்தை ஏற்றிவிடுகிறார்கள். எழுதியது சரியா என்று பணம் ஏறிய பிறகு, போன் உடைந்த நாளில்தான் தெரிகிறது. அதற்கு முன்பே ஒத்திகை பாருங்கள். வாலட் காட்டும் முதல் பெறும் முகவரியைத் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் அந்த முகவரிக்கு அனுப்புங்கள். வந்ததும் செயலியைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள். ஆம், அழித்தே விடுங்கள். மறுபடி நிறுவி, ‘புதிய வாலட்’ என்பதைத் தொடாமல் ‘ஏற்கெனவே வாலட் இருக்கிறது’ என்பதைத் தொட்டு, நினைவிலிருந்து இல்லாமல் தாளைப் பார்த்தே 12 சொற்களையும் தட்டுங்கள். அதே முகவரியும் அதே இருப்பும் வந்தால் உங்கள் தாள் சரி. அங்கிருந்து கொஞ்சம் வெளியே அனுப்பியும் பார்த்துவிடுங்கள். பணம் செலவழிக்க விருப்பமில்லை என்றால் வெறும் வாலட்டிலும் இந்த ஒத்திகையைச் செய்யலாம்; முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலே போதும். அரை மணி நேர வேலை. வாலட் எதுவானாலும் இந்த அரை மணி நேரத்தைச் செலவிடாதவரிடம் நாணயம் பத்திரமாக இருக்கிறது என்று எங்களால் சொல்ல முடியாது.

ஒத்திகையில் என்னென்ன தகராறு வரும்? சொல் தவறு என்று செயலியே சொன்னால் நல்லது. எழுத்துப்பிழையைத் தேடித் திருத்துங்கள். 12ஆவது சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது. அது பெரும்பாலான பிழைகளைப் பிடித்துவிடும், எல்லாவற்றையும் பிடிக்காது. தவறாக எழுதிய பட்டியல் 16இல் ஒருமுறை அந்தச் சரிபார்ப்பைத் தாண்டிவிடும். அப்போது பிழை என்ற செய்தியே வராது. வேறொரு வெற்று வாலட் திறக்கும். முகவரியை ஒப்பிடச் சொல்வது இதற்காகத்தான்.

சொற்கள் சரியாக இருந்தும் இருப்பு பூஜ்யம் காட்டினால் பதறாதீர்கள். ஒரே 12 சொற்களிலிருந்து எந்தக் கிளைப்பாதையில் முகவரிகளை உண்டாக்குவது என்பதில் வாலட்டுக்கு வாலட் வேறுபாடு உண்டு. ஒன்றில் எழுதிய சொற்களை இன்னொன்றில் ஏற்றும்போது அது வேறு பாதையில் தேடி, எதுவும் இல்லை என்று சொல்லும். முதலில் பயன்படுத்திய அதே வாலட்டில் ஏற்றினால் வந்துவிடும். எலக்ட்ரத்தின் 12 சொற்கள் அதற்கே உரிய முறையில் அமைந்தவை. மற்ற வாலட்டுகள் பெரும்பாலும் அவற்றை ஏற்காது. அதனால் சொற்களோடு அதே தாளில் வாலட்டின் பெயரையும் தொடங்கிய தேதியையும் எழுதி வையுங்கள். டோக்கன்களில் வேறு ஒரு தொல்லை: பணம் வந்திருக்கும், அந்த டோக்கனைத் திரையில் காட்டச் சொல்லி நாம் சேர்க்காததால் தெரியாது. பொதுப் பேரேட்டைக் காட்டும் ஈதர்ஸ்கேன், டிரான்ஸ்கேன் போன்ற தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

சிலர் கூடுதல் பாதுகாப்புக்கு 13ஆவது சொல்லாகத் தாமே ஒரு கடவுச்சொல்லைச் சேர்க்கிறார்கள். அதில் ஓர் எழுத்து மாறினாலும் பிழை காட்டாமல் வேறு வெற்று வாலட் திறக்கும். எழுதி வைக்கும் ஒழுக்கம் இல்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அனுப்பும் பழக்கத்துக்கு வருவோம். யூபிஐயில் நம்பர் போட்டதும் எதிராளி பெயர் வரும். இங்கே பெயர் வராது. முகவரியை நகல் எடுத்து ஒட்டும்போது, நகலெடுத்ததை மாற்றித் தன் முகவரியை வைக்கும் தீநிரல்கள் உண்டு. ஒட்டிய பிறகு முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளோடு நடுவிலும் நாலைந்து எழுத்தை ஒப்பிடுங்கள். நடுவில் ஏன்? நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே முதலும் கடைசியும் அமைந்த போலி முகவரியை உண்டாக்கி, அதிலிருந்து பூஜ்யத் தொகையோ காசுக்குப் பெறாத டோக்கனோ அனுப்பி, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் உட்கார வைத்துவிடுவார்கள். அடுத்த முறை பழைய பட்டியலிலிருந்து நகலெடுத்தால் பணம் அவர்களுக்குப் போகும். 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1,155 பிட்காயின் மதிப்புள்ள டோக்கனை, ஏறத்தாழ 7 கோடி டாலரை, தவறான முகவரிக்கு அனுப்பினார். பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பகுதி திரும்பி வந்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. வழக்கமாக அனுப்பும் முகவரிகளை வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் பெயரிட்டு வைத்து அங்கிருந்தே எடுங்கள். பெரிய தொகை என்றால் முதலில் சிறு தொகை, அது போய்ச் சேர்ந்ததும் மீதி. இரண்டு முறை கட்டணம் போகிறதே என்று பார்க்காதீர்கள்.

நெட்வொர்க் குழப்பம்தான் நாங்கள் அதிகம் பார்க்கும் கோளாறு. யூஎஸ்டிடி என்ற ஒரே டாலர் நாணயம் பல தடங்களில், அதாவது நெட்வொர்க்குகளில், ஓடுகிறது. டிரான் தடத்தில் முகவரி ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். எத்தீரியம் தடத்திலும் பிஎன்பி ஸ்மார்ட் செயின் (பழைய பெயர் பைனான்ஸ் ஸ்மார்ட் செயின்) தடத்திலும் பூஜ்யமும் ‘எக்ஸ்’ எழுத்துமாகத் தொடங்கும்; பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பேருந்துக்கும் ரயிலுக்கும் காட்பாடி என்று ஊர்ப்பெயர் ஒன்றாக இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தீரியம் தடத்துக்குப் பதில் ஸ்மார்ட் செயின் தடத்தில் உங்கள் சொந்த வாலட்டுக்கே அனுப்பியிருந்தால் பணம் தொலையவில்லை. அதே சாவி அங்கும் திறக்கும். வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் தெரியும். ஆனால் ஓர் எக்ஸ்சேஞ்சின் முகவரிக்கு, அவர்கள் ஆதரிக்காத தடத்தில் அனுப்பியிருந்தால், சாவி அவர்களிடம் இருப்பதால் அவர்கள் மனது வைத்தால்தான் உண்டு. எக்ஸ்ஆர்பி போன்ற சில நாணயங்களை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு டேக் என்னும் எண்ணும் போட வேண்டும். விட்டுவிட்டால் பணம் போய்ச் சேரும், உங்கள் கணக்கில் வராது.

கட்டணம் பொதுவாக அந்தந்தத் தடத்தின் சொந்த நாணயத்தில்தான் கட்ட முடியும். வாலட்டில் 500 யூஎஸ்டிடி இருந்தாலும் டிரான் தடத்தில் டிஆர்எக்ஸ், எத்தீரியம் தடத்தில் ஈதர் கொஞ்சமாவது இல்லாவிட்டால் ஒன்றும் நகராது. எத்தீரியத்தில் பரிவர்த்தனையின் வேலையை அளக்கும் அலகுக்கு கேஸ் என்று பெயர்; சாதாரணமாக ஈதர் அனுப்ப 21,000 கேஸ் அலகு. ஓர் அலகின் விலை 2 க்வெய் (ஒரு க்வெய் என்பது ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு) என்றால் 0.000042 ஈதர். டோக்கன் அனுப்ப இரண்டு மூன்று மடங்கு ஆகும். பரிவர்த்தனை தோல்வி அடைந்தாலும் கட்டணம் திரும்பாது. கட்டணத்தைக் குறைத்துப் போட்டு ஒன்று நின்றுவிட்டால், அதே முகவரியிலிருந்து அடுத்து அனுப்பும் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் முன்னால் நிற்கும் லாரி நகராவிட்டால் பின்னால் உள்ள வண்டிகள் நகராதது போல. மறுபடி மறுபடி அனுப்பாமல், நின்றதைத் தொட்டு வேகப்படுத்தும் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

பிட்காயினில் கட்டணம் தொகையைப் பொறுத்தது இல்லை, பரிவர்த்தனையின் நீளத்தைப் பொறுத்தது. ஒரே துண்டாக வந்த பிட்காயினை ஒருவருக்கு அனுப்ப, இன்றைய முகவரி வகையில், 141 பைட் அளவு பிடிக்கும். அதே தொகை பத்துச் சிறு துண்டுகளாக வந்து சேர்ந்திருந்தால் 750 பைட். ஐந்து மடங்குக் கட்டணம். வாரா வாரம் 200 ரூபாய்க்கு வாங்கி உடனுக்குடன் வாலட்டுக்கு மாற்றுகிறவர்கள், மாதங்கள் சேர்த்து ஒரே தடவையாக மாற்றினால் பிற்காலத்தில் மிச்சம்.

மெட்டாமாஸ்க் போன்ற வாலட்டுகளில் ஏதாவது தளத்தோடு இணைக்கும்போது ‘அப்ரூவ்’ என்று கேட்கும். உங்கள் டோக்கனை அந்தத் தளம் எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறீர்கள் என்று பொருள். பல தளங்கள் வரம்பில்லாத அனுமதி கேட்கும். தொகையை அழித்துவிட்டு, அன்றைக்குத் தேவையான அளவை நீங்களே தட்டலாம். பழைய அனுமதிகளை ரிவோக் கேஷ் தளத்தில் பார்த்து நீக்கலாம். நீக்கவும் சிறு கட்டணம் உண்டு. சொல் தெரியாமலே வாலட் காலியாவது இந்த வழியில்தான். இலவச டோக்கன் தருகிறோம் என்று இணைக்கச் சொல்லும் எந்தத் தளத்துக்கும் அன்றாட வாலட்டைக் காட்டாதீர்கள்.

போனைப் பற்றிச் சுருக்கமாக. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பழைய ஆண்ட்ராய்டில் வாலட் வேண்டாம். திரையைப் பகிரும் செயலிகளை வைத்திருக்காதீர்கள். டிஸ்பிளே மாற்றக் கொடுக்கும்போது கடைக்காரர் பேட்டர்ன் லாக்கைக் கேட்டு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவது நம்மூர் வழக்கம். கொடுப்பதற்கு முன் வாலட்டை அழித்துவிட்டு, வாங்கி வந்தபின் தாளைப் பார்த்து ஏற்றுங்கள். ஒத்திகை பார்த்தவர்களுக்கு இது பத்து நிமிட வேலை.

வரி விஷயத்தில் 2022 ஏப்ரல் 1 முதல் லாபத்துக்கு 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம்; கேஸ் கட்டணத்தைக் கழிக்க முடியாது, ஒரு நாணயத்தின் நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். சொந்த வாலட்டிலிருந்து சொந்த வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை ஆகாது. ஆனால் வாலட்டுக்குள் இருக்கும் ‘ஸ்வாப்’ பொத்தானைத் தொட்டு ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றினால் அது விற்பனைக் கணக்கு. எக்ஸ்சேஞ்ச் போல வாலட் ஆண்டறிக்கை தராது. தேதி, அளவு, அன்றைய ரூபாய் மதிப்பு, பரிவர்த்தனை எண் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வருவது உங்கள் வேலை.

ரூபாயாக மாற்ற, முன்பின் தெரியாதவருக்கு நாணயத்தை அனுப்பி வங்கியில் பணம் வாங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. விலை கொஞ்சம் கூடக் கிடைக்கும். அவர் அனுப்பும் பணம் வேறொருவரிடம் ஏமாற்றியதாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்தின் சைபர் போலீஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் உங்கள் வங்கிக் கணக்கு முடங்கும். சம்பளமும் அதில்தான் வரும், வீட்டுக் கடன் தவணையும் அதில்தான் போகும். 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்ச் வழியாகவே விற்பது, சில ரூபாய் குறைந்தாலும், நிம்மதி.

சொற்கள் வெளியே போய்விட்டன என்ற சந்தேகம் வந்தாலே பின் நம்பரை மாற்றுவதில் பயனில்லை. வேறொரு சுத்தமான போனில் புதிய சொற்களோடு புதிய வாலட் தொடங்கி, மீதி இருப்பதை உடனே அங்கே மாற்றுங்கள். மதிப்பு அதிகமானதை முதலில். பிறகு 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியுங்கள். திருடனின் முகவரி, பரிவர்த்தனை எண், நேரம், எந்த நெட்வொர்க் என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். திருடிய நாணயம் ஏதேனும் எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருப்பது தெரிந்தால் அவர்களுக்கும் அதே விவரத்தை அனுப்புங்கள். இந்த நேரத்தில் ‘மீட்டுத் தருகிறோம், சரிபார்க்க 12 சொல்லைச் சொல்லுங்கள்’ என்று கஸ்டமர் கேர் பெயரில் வருபவர்கள் அத்தனை பேரும் திருடர்களே. எந்த வாலட் நிறுவனமும் அந்தச் சொற்களைக் கேட்பதில்லை. யாரோ தெரியாமல் தன் 12 சொல்லைப் பொதுவெளியில் போட்டுவிட்டது போலவும், உள்ளே ஆயிரக்கணக்கில் யூஎஸ்டிடி இருப்பது போலவும் தெரிந்தால் அதையும் தொடாதீர்கள். எடுக்கக் கட்டணம் வேண்டும் என்று நீங்கள் போடும் டிஆர்எக்ஸைப் பிடுங்கத்தான் அந்த வலை.

இன்னொன்று வீட்டாருக்கு. வாலட்டுக்கு நாமினி கிடையாது. வைத்திருப்பவர் இறந்தால், ஒட்டிய உறை எங்கே இருக்கிறது, அதைத் திறந்து எந்தச் செயலியில் ஏற்ற வேண்டும், எந்த நாணயம் இருக்கிறது என்று மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்க வேண்டும். சொற்களை அந்தப் பக்கத்தில் எழுதாதீர்கள். இருக்கும் இடத்தை மட்டும் எழுதுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். மாதாமாதம் வட்டி என்ற பேச்சை நம்பி 2022இல் நிதி நிறுவனங்களில் போட்டதை இழந்து, இன்னும் எழுந்திருக்காத குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். கிரிப்டோ மோசடிச் செய்தி வெளியிடும்போது இழந்த தொகையோடு, பணம் எந்த வழியில் போனது என்பதையும் ஒரு வரி சேருங்கள். போலிச் செயலியா, 12 சொல்லைச் சொன்னதாலா, அப்ரூவல் கொடுத்ததாலா, எக்ஸ்சேஞ்சில் விட்டு வைத்ததாலா என்று தெரிந்தால் படிக்கிறவர் அன்றே தன் போனைத் திறந்து பார்ப்பார். செய்தியின் அடியில் 1930 என்ற எண்ணும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்,
காந்தி நகர், காட்பாடி,
வேலூர் மாவட்டம்.